மருந்தாகாமலே மருத்துவத்தை மாற்றிய பொடி

இந்த வெள்ளைப் பொடி எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. எந்த டாக்டரும் இதைச் சீட்டில் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். வாங்கினால் சில மில்லிகிராம்தான் வரும். புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துளிப் பொடியைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். 8-ஹைட்ராக்சி-2-(டை-என்-புரொப்பைல்அமினோ) டெட்ராலின் என்பது முழுப்பெயர். ஆய்வகத்தில் யாரும் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 8-ஓஎச்-டிபாட் என்போம், கை வேலையில் இருக்கும்போது வெறும் டிபாட்.

நான் மருந்தியல் ஆசிரியை. பாடம் எடுக்க வருவதற்கு முன்னால் ஓர் ஆய்வகத்தில் இந்தப் பொடியை வைத்து வேலை பார்த்தவள். மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகள் மூளைக்குள் என்ன செய்கின்றன என்று இன்று ஓரளவாவது சொல்ல முடிகிறது என்றால், அதில் டிபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவேன்: செரட்டோனின் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எந்த ஏற்பியில், மூளையின் எந்த இடத்தில் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததே இந்தச் சேர்மம்தான்.

ஒரே பொருள், பதினான்கு ஏற்பிகள்

1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும், ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும் ஒரு பொருளை ரத்தத்தின் சீரத்திலிருந்து பிரித்தெடுத்து, அதற்குச் செரட்டோனின் என்று பெயரிட்டார்கள். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் அதற்கு முன்பே குடலில் கண்டெடுத்து வேறு பெயரில் அழைத்து வந்த பொருளும் இதுவேதான் என்று பிறகு தெரிந்தது. உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மூளையிலும் அது உண்டு என்று 1953-இல் காட்டியவர் பெட்டி ட்வாராக் என்ற இளம் ஆய்வாளர்.

செரட்டோனின் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. ஒரு நியூரான் அதை வெளியே விடும். அடுத்த நியூரானின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் அது போய் அமரும். அந்த ஏற்பிதான் செய்தியை உள்ளே அனுப்பும். ஆக, செய்தி என்னவென்று தீர்மானிப்பது ஏற்பி. 1957-இல் எடின்பரோவில் ஜான் காடமும் சுலைகா பிக்கரெல்லியும் கினிப்பன்றியின் குடலை வைத்துச் சோதித்தபோது, செரட்டோனினுக்கு இரண்டு வகை ஏற்பிகள் இருப்பது தெரிந்தது. 1979-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பெரூட்காவும் சாலமன் ஸ்னைடரும் மூளைத் திசுவிலேயே இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். 1981-இல் அதில் முதல் வகையும் ஏ, பி என்று பிரிந்தது. இன்று எண்ணிக்கை பதினான்கு, ஏழு குடும்பங்கள். இந்தக் கட்டுரையின் நாயகனான ஏற்பி அவற்றில் ஒன்று: 5-எச்டி-1ஏ. சுருக்கமாக 1ஏ என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் சிக்கல். பதினான்கில் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கச் செரட்டோனினையே பயன்படுத்த முடியாது. பேருந்து நிலையத்தில் நின்று “அண்ணே” என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். “மேலத்தெரு முருகேசண்ணே” என்றால் ஒருவர்தான் திரும்புவார். செரட்டோனின் அந்த “அண்ணே” மாதிரி. எல்லா ஏற்பியும் அதற்குப் பதில் சொல்லும். போதாக்குறைக்கு, ஊசியில் ஏற்றினாலும் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. ஒரே ஒரு ஏற்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, மூளைக்குள்ளும் நுழையக்கூடிய ஒரு மூலக்கூறு தேவைப்பட்டது. இயற்கையில் அது இல்லை. மனிதர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

இடம் மாறிய ஓர் ஆக்சிஜன்

செய்தவர்கள் சுவீடன்காரர்கள். கோதன்பர்க்கில் அர்வித் கார்ல்சன் என்ற மருந்தியலாளர் இருந்தார். டோப்பமின் மூளையில் தனியாகச் செய்தி கடத்தும் பொருள் என்று 1950-களின் கடைசியில் நிறுவி, அதற்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய குழுவும் உப்சாலாவைச் சேர்ந்த வேதியியலாளர்களும் சேர்ந்து, டோப்பமின் ஏற்பியைத் தூண்டும் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சேர்மங்களின் அமைப்பு எளியது. ஒட்டிப் பிறந்த இரண்டு அறுகோண வளையங்கள். ஒன்று பென்சீன் வளையம், மற்றொன்று இரட்டைப் பிணைப்பு இல்லாத கார்பன் வளையம். இரண்டாவது வளையத்தில் ஒரு நைட்ரஜன். அந்த நைட்ரஜனில் மூன்று மூன்று கார்பன் கொண்ட இரண்டு வால்கள். பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும். இந்த ஹைட்ராக்சில் 5-ஆம் இடத்தில் இருந்தால் அந்தச் சேர்மம் டோப்பமின் ஏற்பியைத் தூண்டுகிறது. அதையே 8-ஆம் இடத்துக்கு மாற்றினார்கள். அணுக்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை, எடையும் அதே. ஆனால் சேர்மம் டோப்பமினை விட்டுவிட்டுச் செரட்டோனின் பக்கம் போய்விட்டது. 1981-இல் மருத்துவ வேதியியலுக்கான ஓர் அமெரிக்க ஆய்விதழில் இது வெளியானது.

செரட்டோனின் பக்கம் போய்விட்டது என்று எப்படித் தெரிந்தது? அது அழகான சோதனை. மூளை செரட்டோனினை இரண்டு படிகளில் தயாரிக்கிறது. இரண்டாவது படியை ஒரு மருந்தால் அடைத்துவிட்டால், முதல் படியில் உண்டாகும் மூலப்பொருள் சேர ஆரம்பிக்கும். அது சேரும் வேகமே உற்பத்தியின் வேகம். எலிக்கு டிபாட் கொடுத்ததும் அந்தச் சேர்க்கை குறைந்தது. செரட்டோனின் ஏற்பிகள் தூண்டப்பட்டதால், போதுமான செரட்டோனின் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூளை உற்பத்தியைக் குறைத்துவிட்டது.

எலியின் நடத்தையும் சாட்சி சொன்னது. டிபாட் ஏறிய எலியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வயிறு தரையோடு ஒட்ட உடம்பைப் பரப்பிக்கொள்ளும். பின்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும். முன்கால்கள் மட்டும் மாறி மாறித் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். கீழுதடு இறங்கிப் பல் தெரியும். உடல் வெப்பமும் இறங்கும். வயிறு நிறையத் தின்ற எலிகூடக் குறைந்த அளவு டிபாட் கொடுத்தால் மறுபடி தீவனத்துக்குப் போகும் என்பது 1985-இல் தெரிந்தது. ஒரு மூலக்கூறு பசியையும் உடல் சூட்டையும் காலசைவையும் ஒரே நேரத்தில் தொடுகிறது என்றால், அது அமரும் ஏற்பி எவ்வளவு விரிந்த பொறுப்பில் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்பியை எண்ணும் வேலை

1983-இல் பாரிஸ் நகரில் மிஷேல் ஹமோனும் உடன் பணியாற்றியவர்களும் டிபாட்டிலுள்ள சில ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தில் டிரிட்டியத்தை வைத்தார்கள். டிரிட்டியம் என்பது கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன். இனி டிபாட் எங்கே போய் அமர்ந்தாலும் அடையாளம் காட்டிவிடும். அதே ஆண்டில், டிபாட் 1ஏ ஏற்பியைத்தான் தேர்ந்தெடுத்துப் பிடிக்கிறது, 1பி-யை அல்ல என்று மிடில்மிஸ், ஃபோசார்டு இருவரும் காட்டினார்கள்.

நான் செய்த வேலையும் அந்த டிரிட்டியம் டிபாட்டை வைத்துத்தான். வாசகருக்கு அதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட ஆசை. மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பனிக்கட்டி மேல் வைத்தே வெட்டி, குளிர்ந்த கரைசலில் அரைப்போம். பிறகு அதிவேகத்தில் சுழற்றினால் சவ்வுகள் மட்டும் குழாயின் அடியில் வெளிர்நிறப் படிவாகத் தங்கும். ஏற்பிகள் அந்தப் படிவில்தான் இருக்கின்றன. அதைக் கரைத்துச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் டிரிட்டியம் டிபாட்டைச் சேர்ப்போம். எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கி, அதில் இரண்டரைப் பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் வரும் செறிவு. அவ்வளவு நீர்த்த நிலையிலேயே 1ஏ ஏற்பிகளில் பாதியைப் பிடித்துவிடும் வல்லமை டிபாட்டுக்கு உண்டு.

ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் விடுவோம். பிறகுதான் பரபரப்பு. கண்ணாடி இழையால் ஆன வட்ட வடிதாளின் மேல் குழாயிலுள்ளதை ஊற்றி, அடியிலிருந்து உறிஞ்சுவோம். ஏற்பியில் அமர்ந்த டிபாட் சவ்வோடு தாளில் தங்கும். அமராதது வழிந்து போய்விடும். ஐஸ் தண்ணீரால் மூன்று முறை கழுவ வேண்டும், அதுவும் சில விநாடிகளுக்குள். மெதுவாகச் செய்தால் அமர்ந்ததும் எழுந்து போய்விடும். தாளை எடுத்து, கதிரியக்கம் பட்டால் ஒளிரும் திரவத்தில் ஊறவைத்து, எண்ணும் இயந்திரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அது ராத்திரி முழுக்க ஒவ்வொரு குப்பியாக எண்ணிக்கொண்டிருக்கும்.

கூடவே இன்னொரு வரிசைக் குழாய்களில் சாதாரணச் செரட்டோனினை ஏராளமாகக் கொட்டியிருப்போம். அங்கே ஏற்பிகளையெல்லாம் செரட்டோனின் பிடித்துக்கொள்ளும். டிபாட்டுக்கு இடம் கிடைக்காது. அப்படியும் தாளில் தெரியும் கதிரியக்கம், ஏற்பி அல்லாத இடங்களில் சும்மா ஒட்டிக்கொண்டது. முதல் வரிசையின் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் 1ஏ ஏற்பி. இந்தக் கழித்தலைச் செய்யாமல் யாராவது ஒரு முடிவைச் சொன்னால் அதை நம்பக் கூடாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள். மருந்து விளம்பரங்களைப் படிக்கும்போது இன்றும் அந்தப் பாடம் எனக்கு உதவுகிறது.

ஒரே ஏற்பி, இரண்டு வேலை

மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, டிரிட்டியம் டிபாட்டில் நனைத்து, புகைப்படச் சுருள் மேல் வைத்தால், ஏற்பி உள்ள இடமெல்லாம் கறுப்பாகப் பதியும். 1980-களின் நடுவில் இப்படி 1ஏ ஏற்பியின் வரைபடம் உருவானது. இரண்டு இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, ஹிப்போகேம்பஸும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும். நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய இடம். இன்னொன்று, மூளைத்தண்டில் உள்ள ராஃபே.

ராஃபே சின்ன இடம்தான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் செரட்டோனின் தயாரிப்பவை சில லட்சம் மட்டுமே. அவை பெரும்பாலும் ராஃபேயில் இருந்துகொண்டு, மூளையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிக்கும் இழைகளை அனுப்புகின்றன. எலிகளில் அந்தச் செரட்டோனின் நியூரான்களை மட்டும் அழித்தபோது, ராஃபேயில் டிபாட் அமரும் இடங்கள் குறைந்தன, ஹிப்போகேம்பஸில் குறையவில்லை. இதன் பொருள் என்ன? ஹிப்போகேம்பஸில் 1ஏ ஏற்பி செய்தி வாங்கும் நியூரானின் மேல் இருக்கிறது. ராஃபேயில் அது செய்தி அனுப்பும் நியூரானின் மேலேயே இருக்கிறது. தான் வெளியிட்ட செரட்டோனினைத் தானே உணர்ந்து தன்னை அடக்கிக்கொள்வதற்காக.

டிபாட்டை ராஃபேயில் நுண்ணூசியால் செலுத்தினால் அங்குள்ள நியூரான்கள் மின்துடிப்பை நிறுத்திவிடுகின்றன. 1ஏ ஏற்பி பொட்டாசியம் வாசல்களைத் திறந்துவிட, நியூரான் அமைதியாகிவிடுகிறது. ராஃபே அமைதியானால் மூளை முழுக்கச் செரட்டோனின் வரத்துக் குறையும். ஆக, செரட்டோனின் ஏற்பியைத் தூண்டும் ஒரு சேர்மம் செரட்டோனினைக் குறைக்கிறது! அதே சேர்மம் ஹிப்போகேம்பஸில் செரட்டோனின் வந்தது போன்ற விளைவை உண்டாக்குகிறது. எந்த இடம், எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. செரட்டோனினை மகிழ்ச்சி ஹார்மோன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பேச்சு எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இந்தச் சோதனைதான் காரணம்.

மாத்திரைக்கு வந்த வெளிச்சம்

மனப்பதற்றத்துக்கான பஸ்பிரோன் என்ற மருந்து 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய பதற்ற மாத்திரைகளைப் போல உறக்கத்தையும் பழக்கத்தையும் உண்டாக்காத மருந்து அது. அதன் வேலை 1ஏ ஏற்பி வழியாக நடக்கிறது என்று விளங்கியது, டிபாட்டை வைத்து அந்த ஏற்பியை அளக்க முடிந்ததால்தான். 1988-இல் ஒரு மரபணு 1ஏ ஏற்பிக்கு உரியது என்று அமெரிக்காவில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகம் அடையாளம் கண்டது. அந்த ஆய்வில் பங்கேற்ற பிரையன் கோபில்காவும் லெஃப்கோவிட்ஸும் இவ்வகை ஏற்பிகளைப் பற்றிய பணிக்காக 2012-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வீடுகளைத் தொடும் விஷயம் இன்னொன்று. ஃபுளூவாக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள், வெளிவந்த செரட்டோனினை நியூரான் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. முதல் மாத்திரை விழுந்த சில மணி நேரத்திலேயே அந்தத் தடை வந்துவிடுகிறது. ஆனால் மனம் தேற இரண்டு முதல் நான்கு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகிறது. ஏன்? ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று ராஃபேயின் 1ஏ ஏற்பியைச் சுற்றியே இருக்கிறது. மாத்திரையால் ராஃபேயைச் சுற்றியும் செரட்டோனின் சேர்கிறது; உடனே அங்குள்ள 1ஏ ஏற்பிகள் நியூரானை அடக்குகின்றன. மாத்திரை தொடர்ந்தால், வாரக் கணக்கில் அந்த ஏற்பிகள் உணர்வு குன்றி விலகி நிற்கின்றன. நியூரான்கள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. எலிகளில் நுண்ணிய மின்முனைகளால் இந்த மாற்றத்தை நாள் வாரியாக அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால் முதல் நாளிலேயே அந்த ஏற்பியை அடைத்துவிட்டால்? 1994-இல் பார்சிலோனாவில் பிரான்சிஸ்க் ஆர்ட்டிகாஸ் குழு அதைத்தான் முயன்றது. ரத்த அழுத்த மருந்தான பிண்டலால் 1ஏ ஏற்பியிலும் ஒட்டும் என்பதால், அதை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தொடக்க முடிவுகள் நம்பிக்கை தந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. மனித மூளை எலி மூளையை விடச் சிக்கலானது. நோயும் ஒரே மாதிரியானதல்ல.

கருவியின் குறையும் ஒரு செய்தி

டிபாட் முழுக்கத் தூய கருவியும் அல்ல. 1993-இல் 5-எச்டி-7 என்ற ஏற்பி கண்டுபிடிக்கப்பட்டபோது, டிபாட் அதையும் பிடிக்கிறது என்று தெரிந்தது. அதுவரை 1ஏ-யின் கணக்கில் எழுதியிருந்த சில விளைவுகளை மறுபடி சரிபார்க்க வேண்டி வந்தது. உடல் வெப்பம் இறங்குவதில் இரண்டு ஏற்பிகளுக்கும் பங்கு உண்டு. டிபாட்டுக்குத் துணையாக வேறு கருவிகள் வந்தன. 1ஏ ஏற்பியைத் தூண்டாமல் அடைக்கும் வே-100635 என்ற சேர்மம் 1990-களில் உருவானது. அதில் கதிரியக்கக் கார்பனைப் பொருத்தி, உயிருள்ள மனிதரின் மூளையிலேயே 1ஏ ஏற்பிகளைப் படம் பிடித்தார்கள். அந்தக் கார்பனின் அரை ஆயுள் 20 நிமிடம்தான். பக்கத்து அறையில் தயாரித்து ஓட்டமாகக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். 1998-இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக 1ஏ ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கின. மூன்றிலும் எலிகள் அதிகப் பதற்றம் காட்டின.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாய் குழு பல ஆண்டுகள் மாட்டு ஹிப்போகேம்பஸை வைத்து 1ஏ ஏற்பியை ஆராய்ந்தது. சவ்விலிருந்து கொலஸ்டிராலை உருவி எடுத்தால் ஏற்பியில் டிபாட் அமர்வது குறைகிறது என்று 2004-இல் அவர்கள் காட்டினார்கள். இதயத்துக்கு எதிரி என்றே நாம் பேசும் கொலஸ்டிரால், மூளையில் செரட்டோனின் ஏற்பி சரியாக வேலை செய்யத் துணை நிற்கிறது. 2021-இல் சீன ஆய்வாளர்கள் அதிகுளிர் மின்னணு நுண்ணோக்கியால் 1ஏ ஏற்பியின் அமைப்பை வெளியிட்டபோது, அதையொட்டிக் கொலஸ்டிரால் மூலக்கூறுகளும் இருந்தன.

உங்கள் வீட்டில் மாத்திரை இருந்தால்

டிபாட் மருந்தாகவில்லை. வாய் வழியாகக் கொடுத்தால் உடம்பு அதைச் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அதனால் அதன் பெயர் நோயாளிகளின் காதில் விழுவதே இல்லை. ஆனால் அது கற்றுத் தந்தது எல்லோருக்கும் உரியது.

சித்தி மகள் ஒரு நாள் போனில் அழுதாள். “அக்கா, ரெண்டு வாரம் ஆகப்போகுது. அவருக்கு ஒரு மாத்தமும் தெரியல. மாத்திரைய நிறுத்திடவா?” நான் அவளிடம் ராஃபேயைப் பற்றிச் சொன்னேன். மாத்திரை சும்மா இல்லை, மூளை அதற்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள நாள் கேட்கிறது என்றேன். நீயாக நிறுத்தாதே, டாக்டரிடம் இதையே கேள் என்றேன். இப்படி நடுவில் நிறுத்திவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டும் குடும்பங்கள் எத்தனை! காத்திருப்பதற்குக் காரணம் தெரிந்தால் காத்திருக்க முடியும். ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: தொடக்க வாரங்களில் பதற்றம் கூடினாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-இல் ஒரு பெரிய மறு ஆய்வு சொன்னது. உடனே, அப்படியானால் மாத்திரைகளும் பொய்யா என்று பலர் கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். குறைவு என்ற ஒற்றைச் சொல்லால் இந்த நோயை விளக்க முடியாது என்பது, ராஃபேயிலும் ஹிப்போகேம்பஸிலும் ஒரே ஏற்பி எதிரெதிர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஒரு மாத்திரை யாருக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை நோயாளிகளிடம் நடத்தும் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

நல்ல மருந்துகள் வர வேண்டுமென்றால் முதலில் நல்ல கருவிகள் வர வேண்டும். சுவீடனில் ஒரு ஹைட்ராக்சிலின் இடத்தை மாற்றிப் பார்த்தவர்கள் டோப்பமினைத் தேடித்தான் போனார்கள். கிடைத்தது செரட்டோனினின் கதவு. லாபம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இப்படிப்பட்ட அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒரு நாடு தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும். அதன் பலன், பல ஆண்டுகள் கழித்து, மனம் சோர்ந்த ஒருவருக்கு டாக்டர் சொல்லும் தெளிவான பதிலாக வந்து சேர்கிறது.